குனிய முடியாத வக்கீல்

கிளிப் திறக்கவில்லை.

வக்கீல் கண்ணாடி முன்னால் நின்று மறுபடி அழுத்தினார். அடிபட்டவர்கள் மாட்டுகிற கழுத்துப் பட்டை அசையவில்லை. கண்ணாடியில் அவருடைய தாடை தெரிந்தது. மூக்குத் துவாரங்கள் தெரிந்தன. அதற்கு மேல் குளியலறைக் கூரை. கூரையின் மூலையில் ஈரம் ஊறி, படகு போல ஒரு கறை. இந்த வீட்டுக்குக் குடிவந்து பல வருஷம் ஆகிறது. படகை இந்த வாரம்தான் பார்த்தார்.

"என்னங்க, குளிச்சாச்சா?" என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

"கழட்ட வரலை."

"எது?"

"கழுத்து."

காலடிச் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

"அதுக்கென்ன இப்ப? அப்படியே இருக்கட்டும். ஆபீஸ்தானே போறீங்க" என்றாள்.

வக்கீலின் கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நல்ல கழுத்து. பட்டைதான் வழக்குக்காக.

அவர் விபத்து வழக்குகள் நடத்துகிறவர். எதிலாவது அடிபட்டு, அதற்குக் காரணமானவர்கள் கையை விரித்துவிட்டால், ஜனங்கள் அவரிடம் வருவார்கள். ஒவ்வொரு வழக்கிலும் இறுதி வாதத்துக்கு முன்னால், கட்சிக்காரரின் காயத்தைச் சில நாட்கள் அவர் வாங்கிக்கொள்வார். "வலியைப் படிச்சுட்டுப் பேச முடியாது. கூடவே குடித்தனம் பண்ணணும்" என்பார்.

பட்டறையில் வலது கையை இழந்தவருக்காக வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்போது அவர் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் கோர்ட்டில் மதிய இடைவேளை வந்துவிடும். கொதிகலன் வெடித்துக் காது போனவருக்காகக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார். மனைவி எது சொன்னாலும் தலையாட்டினார். வழக்கு முடிந்து பஞ்சை எடுத்தபோது வீட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தது. மச்சான் மாடி அறையில் குடியேறியிருந்தான்.

இப்போது கழுத்து.

கட்சிக்காரர் மழலையர் பள்ளி டீச்சர். சிக்னலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து ஒரு லாரி முட்டியது. கழுத்தெலும்புகளை ஒன்றோடொன்று சேர்த்துத் திருகாணி போட்டார்கள். நடக்கலாம், பேசலாம், சிரிக்கலாம். குனிந்து பார்க்க மட்டும் முடியாது. ஆனால் அவருடைய வேலை முழுக்கக் கீழேதான் இருந்தது. இடுப்பு உயரத்துக்கு மேல் ஒருவரும் வளராத வகுப்பு அது. ஒரு நாள் தெரியாமல் ஒரு குழந்தையின் விரலை மிதித்துவிட்டார். அதோடு வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீலுக்கு நீதிமன்றத்தில் 'சந்தேகம்' என்று பெயர். எல்லா வாக்கியத்தையும் "எனக்கொரு சந்தேகம்" என்றுதான் தொடங்குவார். டீச்சரைக் கூண்டில் நிறுத்திவைத்து, "எனக்கொரு சந்தேகம். இது நடிப்பாக இருக்குமோ?" என்று கேட்டார். அந்தச் சொல் பதிவாகிவிட்டது.

அன்று மாலை டீச்சர் வக்கீலிடம் சொன்னார். "பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் சார். அந்தச் சொல்லை அடிக்கணும். நான் நடிக்கலைன்னு ஒருத்தர் சொல்லணும்."

வக்கீல் டீச்சரின் கழுத்தில் இருந்த மாதிரியே பட்டை ஒன்று வாங்கி அன்றைக்கே மாட்டிக்கொண்டார்.

ராத்திரி படுக்கும்போது கழற்றுவார். காலையில் மாட்டுவார். இந்த வாரம் உலகம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. தட்டு தெரியாது. சாவி தெரியாது. ஆனால் தெருவிளக்குக் கம்பத்தின் உச்சியில் ஒரு பறவை கூடு கட்டியிருப்பது தெரிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒருவர் தினமும் ஜன்னலில் வயலின் வாசிப்பது தெரிந்தது. வயலினில் தந்தி இல்லை. அவர் பாட்டுக்கு வாசித்தார். வக்கீலும் நின்று கேட்டார்.

சாப்பிடும்போதுதான் பெரிய மாறுதல். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேஸ் கட்டைப் பக்கத்தில் விரித்துக் குனிந்தபடியே சாப்பிடுவார். இப்போது கட்டு தெரியவில்லை. எதிரே மனைவி தெரிந்தாள்.

முதல் நாள் அவர் கேட்டார். "புருவத்துக்குக் கீழ அந்த மச்சம் எப்ப வந்தது?"

"பொறந்தப்ப" என்றாள்.

மனைவிக்குத் தபால் ஆபீசில் கவுண்டர் வேலை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "ஸ்டாம்ப் வாங்க வர்றவங்க கூட என் மூஞ்சியைப் பாத்துத்தாங்க கேக்கறாங்க."

அடுத்த நாள் கவுண்டருக்கு வந்த ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள். தனக்குத்தானே பார்சல் அனுப்பிக்கொள்கிறவர். அதற்கடுத்த நாள் சின்ன வயசில் ரயிலைத் தவறவிட்ட கதை. ஒரு கதை முடிவதற்குள் இன்னொன்று வந்தது. வக்கீல் நிமிர்ந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் காயம் நல்லா இருக்கு. இதையே வெச்சுக்கங்களேன்" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

நேற்று சாயங்காலமும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். அதற்குள் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டது. கனவில் மழை பெய்தது. கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தூறியது. மழைக்கு வார்னிஷ் வாசனை. அவர் அப்படியே விடியும்வரை தூங்கிவிட்டார்.

இப்போது விடிந்துவிட்டது. கிளிப் திறக்கவில்லை.

"ஆபீஸ் இல்லை. இன்னைக்கு டீச்சர் கேஸ்" என்றார் கதவைத் திறந்துகொண்டு.

மனைவியின் கை கதவின் மேலேயே நின்றது.

"இன்னைக்கா? அடுத்த வாரம்னுதானே சொன்னீங்க?"

"நீதிபதி வெள்ளிக்கிழமை ரிடையர் ஆறார். தேதியை முன்னாடி கொண்டுவந்துட்டாங்க. நேத்து சொல்லணும்னு நினைச்சேன். தூங்கிட்டேன்."

"இதோட போனா என்ன? போகக் கூடாதா?"

"போன தடவை என்ன சொன்னார்? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. போன தடவை கால் வழக்கு. வக்கீல் நொண்டிக்கொண்டே வாதாடினார். உருக்கமான ஓர் இடத்தில் எந்தக் கால் என்பது மறந்துபோய் மற்றக் காலை நொண்டிவிட்டார். நீதிபதி பேனாவை மூடினார். "இனிமே கட்சிக்காரரோட காயம் உங்க உடம்புல தெரிஞ்சா அன்னைக்கே கேஸைத் தள்ளிவெச்சுடுவேன்" என்றார். சொன்னால் செய்கிறவர். தள்ளிவைத்தால் புது நீதிபதி. புது நீதிபதி என்றால் முதலிலிருந்து. டீச்சர் மறுபடி கூண்டில் ஏற வேண்டும். சந்தேகம் மறுபடி அந்தச் சொல்லைச் சொல்வார்.

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "உக்காருங்க" என்றாள்.

தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து கிளிப்பில் விட்டாள். கிளிப் குடிக்கவில்லை. எண்ணெய் பட்டைக்குள் இறங்கியது. உள்ளே இருந்த பஞ்சு வழுக்கத் தொடங்கியது. பட்டை மெதுவாக மேலே ஏறி, தாடையை இன்னும் தூக்கியது.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஃபேன் தெரியுது" என்றார். அதுவரை சுவர் தெரிந்துகொண்டிருந்தது.

"கடவுளே" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கிளிப்பின் இடுக்கில் நுழைத்து நெம்பினாள். டிக் என்று சத்தம் கேட்டது.

"வந்துடுச்சா?" என்றார் ஆவலோடு.

"உடைஞ்சுடுச்சு."

"பட்டையா?"

"கிளிப்போட நாக்கு. உள்ளேயே இருக்கு." ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டாள். "நான் ஒரு முட்டாளுங்க."

"நீ என்ன பண்ணுவ? விடு. பழைய கிளிப்பு" என்று ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலில் ஹாரன் சத்தம். ஜூனியர் வந்துவிட்டாள். அவரிடம் தொழில் பழகுகிற பெண். வக்கீலைப் பார்த்ததும் காரை விட்டு இறங்கவே இல்லை.

"சார், அதைக் கழட்டிட்டு வாங்க."

"கழட்ட முடிஞ்சா கழட்டியிருக்க மாட்டேனா?"

"ஜட்ஜ் பாத்தா?"

"அதான் பயமே."

ஜூனியர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "எலும்பு ஆஸ்பத்திரி வழியிலதான் இருக்கு. தினமும் மாட்டறவங்களுக்குக் கழட்டவும் தெரியும். ஏறுங்க."

ஏறும்போது காரின் கூரையில் முட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஊழியர் பட்டையைப் பார்த்தார். மேலே பார்த்தபடி தட்டுத்தடுமாறி வரும் மனிதரைப் பார்த்தார். அவ்வளவுதான். வக்கீல் ஸ்ட்ரெச்சரில் இருந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார்.

"அசையாதீங்க. எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"இதைக் கழட்டணும். அவ்வளவுதான்."

"அதையும்தான் சொல்லுவாங்க."

தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தைக் கட்டிகளை வைத்து நெற்றியில் பட்டி ஒட்டினார்கள். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக அவர் மேல் வந்து, வெளுத்து, பின்னால் போயின. ஒரு நர்சின் தாடை வந்தது.

"எப்படி ஆச்சு?"

"நானே மாட்டிக்கிட்டேன்."

"எதுக்கு?"

"ஒரு டீச்சருக்கு லாரி முட்டிடுச்சு."

நர்ஸ் யாரையோ பார்த்தாள். "கொஞ்சம் குழப்பமா பேசறார். எக்ஸ்ரே எடுக்காம கழட்டக் கூடாது. எக்ஸ்ரேக்கு வரிசை இருக்கு. அதுவரைக்கும் தசை தளர ஒரு ஊசி போடு."

"வேண்டாம், எனக்குக் கோர்ட்டு..."

ஊசி இறங்கியது.

முதலில் தோள் போனது. பிறகு முழங்கை. ரொம்ப மென்மையாகப் போயின. கூரை கொஞ்சம் கீழே இறங்கிவந்து, என்ன சமாச்சாரம் என்று விசாரிக்கிற மாதிரி நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜூனியரின் முகம் கூரைக்கு நடுவில் முளைத்தது. நெற்றிப் பட்டியைப் பிய்த்தாள்.

"சார், எழுந்திருங்க. நம்ம கேஸைக் கூப்பிடப் போறாங்க."

"கழட்டிட்டாங்களா?"

"இல்லை. டாக்டர் சாயங்காலம்தான் வருவாராம். மெதுவா நடங்க. யார் கேட்டாலும் டாய்லெட்னு சொல்லுங்க."

யாரும் கேட்கவில்லை.

காரில் வக்கீல் சீட்டில் சாய்ந்து, கண்ணாடி வழியே மேலே பார்த்துக்கொண்டு வந்தார். மரங்களின் உச்சிகள் வந்தன. அவற்றுக்கு நடுவே மேகம் ஒன்று காரோடு சேர்ந்தே வந்தது. சிக்னலில் நின்றால் அதுவும் நின்றது. ஒரு மொட்டை மாடியில் யாரோ வெள்ளைச் சட்டைகளை உலர்த்தியிருந்தார்கள். காற்றில் எல்லாச் சட்டையும் கையைத் தூக்கி வாதாடின. எதிர்த்தரப்பு இல்லை.

"சார், தூங்கறீங்களா?"

"இல்லம்மா. அழகா இருக்கு."

"எது?"

"மேல."

ஜூனியர் கார் வேகத்தைக் கூட்டினாள். போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். "இல்லைங்கம்மா, இன்னும் கழட்டலை... ஊசி போட்டிருக்காங்க... அழாதீங்க, பாத்துக்கறேன்." வைத்துவிட்டு, "மேடம் உங்களை விட இந்தக் கேஸ்ல உருகறாங்க சார்" என்றாள்.

"நல்லவ" என்றார் வக்கீல் மேகத்திடம்.

கோர்ட் வராந்தாவில் ஜூனியர் தன் வெள்ளை ஸ்கார்பை அவிழ்த்துப் பட்டையின் மேல் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கடைசியில் வக்கீலின் தலை ஒரு பெரிய வெள்ளைப் பூவின் மேல் வைத்தது போல இருந்தது.

"ஜலதோஷம்னு சொல்லிடலாம்" என்றாள்.

நீதிமன்ற அறைக்குள் நுழைந்ததும் வக்கீல் நின்றார்.

"ஏம்மா, தரை ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு?"

ஜூனியர் கீழே பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஷூ ஆஸ்பத்திரில இருக்கு சார்."

"சாக்ஸ்?"

"ஒரு கால்ல இருக்கு."

திரும்பிப் போக நேரமில்லை. பியூன் கேஸ் பெயரைக் கூவிவிட்டார்.

டீச்சர் ஏற்கெனவே வந்து முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தார். அவருடைய பட்டைக்குச் சுற்று ஒன்றும் இல்லை. எதிர் மேஜையில் சந்தேகம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நீதிபதி உள்ளே வந்து அமர்ந்தார். வக்கீல் வணங்க முயன்றார். கழுத்து வரவில்லை, உடம்பு மொத்தமாக மடங்கியது. மேஜையைப் பிடித்து நிமிர்ந்தார்.

நீதிபதி அவரையே பார்த்தார்.

"உடம்புக்கு என்ன?"

"ஜலதோஷம் ஐயா" என்றாள் ஜூனியர்.

"அவருக்குப் பேச வராதா?"

"வரும் ஐயா" என்றார் வக்கீல் கூரையிடம்.

சந்தேகம் எழுந்தார். "எனக்கொரு சந்தேகம் ஐயா."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

"ஜலதோஷத்துக்கு யாரும் இத்தனை சுத்து சுத்தறதில்லை. உள்ளே வேற ஏதோ இருக்கு."

"ஸ்கார்பை எடுங்க" என்றார் நீதிபதி.

ஜூனியர் எடுத்தாள். சுற்றுச் சுற்றாக எடுக்க நேரமாயிற்று. கடைசிச் சுற்று விழுந்ததும், வெள்ளைப் பட்டை எண்ணெய் மின்ன வெளியே வந்தது. முன்வரிசையில் டீச்சர் மூச்சை இழுத்தார்.

நீதிபதி பேனாவை மூடினார்.

"போன தடவை என்ன சொன்னேன்?"

"தள்ளிவெச்சுடுவேன்னு சொன்னீங்க ஐயா."

"அப்புறம்?"

"கழட்ட வரலை ஐயா."

சந்தேகம் சிரித்தார். "ஐயா, கட்சிக்காரருக்கு ஏத்த வக்கீல். அவங்களுக்கும் கழட்ட வராது, இவருக்கும் வராது. அன்னைக்கு நான் சொன்னதேதான். நடிப்பு."

வேறு நாளாக இருந்தால் வக்கீல் பதறியிருப்பார். கேஸ் கட்டில் குனிந்து எதையாவது தேடியிருப்பார். இன்று ஊசி இருந்தது. கூரையில் ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, யாருக்கோ வழி சொல்கிற குரலில் சொன்னார்.

"நடிப்புன்னா கழட்ட வரணும். நண்பர் வந்து கழட்டட்டும். வந்துட்டா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

ஜூனியர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். நேரம் கடந்துவிட்டது. சந்தேகம் மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

முதலில் இரண்டு விரலால் அழுத்தினார். பிறகு கட்டைவிரலால். பிறகு கோட்டைக் கழற்றி ஜூனியரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்தார். எண்ணெயில் கை வழுக்கிப் போய்ப் பின்வரிசை பெஞ்சில் இடித்துக்கொண்டார்.

"எனக்கொரு சந்தேகம். இதுல ஏதோ சூட்சுமம் இருக்கு" என்றார் முழங்கையைத் தடவிக்கொண்டே.

"பியூன்" என்றார் நீதிபதி.

பியூன் பலசாலி. இழுத்தார். பட்டை வரவில்லை, வக்கீல் வந்தார். ஒரு சுற்று சுற்றி நின்ற இடத்துக்கே திரும்பினார். அறையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

நீதிபதி எழுந்தார். மூன்று படி இறங்கி வந்தார். அவர் அந்த மேடையை விட்டு இந்தப் பக்கம் இறங்கி யாரும் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளிப்பைப் பரிசோதித்தார். நகத்தால் நெம்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை இழுத்தார். நகம் ஒடிந்தது.

விரலை வாயில் வைத்தபடி மேடை ஏறி உட்கார்ந்தார்.

"வரலை" என்றார்.

சந்தேகம் வாயைத் திறந்தார்.

"நான் இழுத்தேன். வரலை" என்றார் நீதிபதி. "இது நடிப்பு இல்லை. என்னன்னு எனக்குத் தெரியாது, ஆனா நடிப்பு இல்லை. வாதத்தைத் தொடங்குங்க."

வக்கீல் கேஸ் கட்டைத் தடவினார். நாள் கணக்கில் தயாரித்த வாதம் அதற்குள் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஜூனியர் ஒரு தாளை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தது. விட்டுவிட்டார்.

"ஐயா" என்றார். "இப்ப எனக்கு உங்களைத் தெரியுது. உங்களுக்கு மேல இருக்கிற கடிகாரம் தெரியுது. அது நின்னு போயிருக்கு, ரொம்ப நாளா நின்னிருக்கும் போல. ஃபேன் தெரியுது. மேல இருக்கிறது எல்லாம் நல்லா இருக்குங்க ஐயா. நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வாரம் ஒரு பறவைக் கூடு பார்த்தேன். ஒரு மேகம் என்கூடவே கோர்ட்டு வரைக்கும் வந்தது."

நீதிபதி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"ஆனா என் காலில் ஷூ இல்லைன்னு தரை சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. எனக்கு ஒரு வாரம்தான். டீச்சருக்கு மூணு வருஷம். அவங்க வேலை பறவைக் கூடு பாக்கிறது இல்லை. அவங்க முழங்காலைக் கட்டிக்கிட்டு ஒரு குழந்தை அழுதா, அழுகைச் சத்தம் கேக்கும். எந்தக் குழந்தைன்னு தெரியாது. சட்டையைப் பிடிச்சு இழுக்கிற கை தெரியாது. கை காட்டுற படம் தெரியாது. ஒரு குழந்தை சொல்லிச்சாம், 'டீச்சர், நீங்க ஏன் வானத்துக்கே பாடம் நடத்தறீங்க?' அதுக்கு இவங்க பதில் வெச்சிருக்காங்களான்னு நான் கேட்கலை. கேட்கத் துணிவு வரலை."

கொஞ்சம் நிறுத்தினார். ஊசி அவரை மெதுவாக இடமும் வலமும் ஆட்டியது.

"எதிர நிக்கிறவங்களைப் பார்த்துப் பேசறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு இந்த வாரம்தான் தெரியும். இவங்களுக்கு எதிர நிக்கிறவங்க எல்லாம் சின்னவங்க. அவ்வளவுதான் ஐயா. வேற வாதம் இருந்தது. அது கீழ இருக்கு."

உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் தள்ளியிருந்தது. ஜூனியர் சரியான நேரத்தில் நகர்த்தினாள்.

சந்தேகம் தன் முறைக்கு எழுந்தார். முழங்கையைத் தடவினார். "எனக்கொரு சந்தேகம்" என்றார். அதற்குப் பிறகு என்ன சந்தேகம் என்று அவருக்கே பிடிபடவில்லை போலிருந்தது. கைவசமிருந்த தாள்களை வாசித்துவிட்டு அமர்ந்தார்.

நீதிபதி தீர்ப்பை அங்கேயே சொன்னார். லாரிக்காரர் மேல் பொறுப்பு. இழப்பீடு முழுவதும் கம்பெனி தர வேண்டும். பிறகு ஒடிந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே சேர்த்தார். "நடிப்பு என்ற சொல் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்தியிருக்கக் கூடாது."

டீச்சர் எழுந்து நின்றார். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, பட்டைக்குள் போய்விட்டது. துடைக்க வழியில்லை.

வெளியே வராந்தாவில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். இருவருக்கும் குனிய வராது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க டீச்சர்."

"மூணு வருஷமா உங்க உச்சந்தலையைத்தான் சார் பார்த்திருக்கேன். நான் பேசப் பேச நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பீங்க. இன்னைக்குத்தான் முகம் பார்க்கிறேன். நல்ல முகம் சார். பட்டை உங்களுக்குப் பொருத்தமா இருக்கு."

"இன்னைக்கே கழட்டிடணும்" என்றார் வக்கீல் கூச்சத்தோடு.

"அதிர்ஷ்டசாலி" என்றார் டீச்சர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூனியரின் போன் அடித்தது. மனைவி. ஜூனியர் போனை அவர் காதில் வைத்தாள்.

"ஜெயிச்சுட்டோம்" என்றார்.

மறுமுனையில் அழுகை, சிரிப்பு, மூக்குறிஞ்சல் எல்லாம் ஒன்றாகக் கேட்டன. "பட்டையோடவா?"

"பட்டையாலதான். யாராலும் கழட்ட முடியலை. ஜட்ஜே இழுத்துப் பாத்துட்டார்."

"நிஜமாவா?" அவள் குரலில் என்னவோ ஒரு தெம்பு வந்தது. "அப்ப சாப்பிட வந்துடுங்க. உங்களுக்கு ஒரு கதை பாதியில நிக்குது."

"அந்தக் கிழவர் பார்சலா?"

"அதுதான். பிரிச்சுப் பாத்துட்டாராம்."

வீட்டுத் தெரு முனையில் ஒரு இரும்புக்கடை. ஜூனியர் காரை நிறுத்தி அவரைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சாயங்கால வெயில் கடைக்குள் சாய்ந்து விழுந்தது. மேலே கொடியில் சங்கிலிகளும் வாளிகளும் தொங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாக இந்தக் கடையில் வாளி தொங்குவது அவருக்குத் தெரியாது. வாளிகளின் அடியில் வெளிச்சம் வட்ட வட்டமாக ஆடியது.

"வாங்க வக்கீல் சார்" என்றது கடைக்காரரின் குரல். "கழுத்துக்கு என்ன?"

"கழுத்து நல்லா இருக்கு. இது ஜாம் ஆயிடுச்சு. வெட்டி எடுக்கணும்."

"அவ்வளவுதானே? ஒரு நிமிஷ வேலை. இப்படி வெளிச்சத்துல வாங்க."

கடைக்காரர் கட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டூலின் மேல் ஏறினார். அவருடைய முகம் வாளிகளுக்கு நடுவில் வந்து நின்றது. கிளிப்பை உற்றுப் பார்த்தார். விரலால் சுரண்டினார். முகர்ந்தார்.

கட்டரைக் கீழே இறக்கினார்.

"என்ன ஆச்சு?" என்றாள் ஜூனியர்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இது ஜாம் இல்லை சார், நம்ம கடைப் பசை. நேத்து சாயங்காலம் உங்க வீட்டம்மா வந்து, பிளாஸ்டிக்ல போட்டா ஒரு மாசத்துக்காவது விடாதுல்லன்னு ரெண்டு தடவை கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. நான் கேரண்டி வேற குடுத்திருக்கேன், இப்ப நானே எப்படி சார் வெட்டறது?"